வலிக்கிறவரும் விழுகிறவரும்

சர்வீஸ் கவுண்டரில் புதிதாக உட்காரப்போகிற உங்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி ஏதாவது பேச வேண்டும் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டார். என்னிடம் ஊக்கம் இல்லை. இருந்ததையெல்லாம், சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வந்து, படிக்கட்டில் பைக்கை ஏற்றி, கிளட்சைக் கருக்கிவிட்டு, "அக்கா, கம்பெனி மிஸ்டேக்" என்று வந்து நின்ற பயல்களிடமே செலவழித்துவிட்டேன். கதைதான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நான் ஸ்பேனர் பிடித்தவள் இல்லை. தென்காசியில் இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு, மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரி ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தவள். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை. எஞ்சின் கோளாறு சுலபம். எஞ்சினுக்கு வெட்கம் கிடையாது, எங்கே நோகிறதோ அங்கே சத்தம் போடும். மனுஷன் அப்படி இல்லை. இடுப்பு வலியை வண்டியின் மேல் போட்டுச் சொல்வான்.

நான் சேர்ந்த புதிதில் கீழப்பாவூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். கூச்ச சுபாவம். "மேடம், பின்பக்கம் ரொம்பச் சிரமமா இருக்கு, கொஞ்ச தூரம் ஓட்டுனாலே தாங்க முடியல" என்றார். 'பின்பக்கம் கோளாறு' என்று எழுதினேன். எங்கள் தலைமை மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றினார். பேரிங் பார்த்தார், செயின் பார்த்தார், ஷாக் அப்சார்பரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வண்டி பழுதில்லாமல் இருந்தது. சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே வாத்தியாரின் முன்னால் வந்து நின்றார்.

"சார், பின்பக்கம்னா வண்டிக்கா, ஒங்களுக்கா?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "எனக்குத்தான்" என்றார்.

சீட்டின் ஸ்பாஞ்ச் அமுங்கிப்போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து, "உக்கார சரியில்ல" என்று யார் வந்து சொன்னாலும் நான் எழுதுவதில்லை. எழுந்து வெளியே போய், அவரை வண்டியில் உட்காரவைத்து, முட்டி எங்கே இருக்கிறது, முதுகு எப்படி வளைகிறது, கால் தரையில் ஊன்றுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். நல்ல வழக்கம். அந்த நல்ல வழக்கத்தை வைத்துக்கொண்டும் நான் திண்டாடிய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

சண்முகவேல் என்று ஒருவர் வந்தார். ஆள் தென்னை மரம். ஐந்தருவியில் சீசனுக்குப் பழக்கடை போடுகிறவர். ரம்புட்டான், மங்குஸ்தான், இன்னும் செங்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் என்ன கிடைக்கிறதோ அதையெல்லாம் விடியற்காலையில் போய் வாங்கிக் கூடையில் கட்டி பைக்கில் கொண்டுவருவார். வண்டியில் உட்காரவைத்துப் பார்த்தேன். மடக்குக் கட்டிலை மடித்து வைத்தது போல் இருந்தார். முட்டி ஹேண்டிலைத் தொட்டது, முதுகு கூன் போட்டது.

"யக்கா, கடைக்குப் போய் இறங்குனா நிமிர முடியல. வாங்க வாரவன்லாம் நான் அவனுக்குக் கும்பிடு போடுதேன்னு நெனைக்கான்."

ஹேண்டில்பாரை உயர்த்தினோம். சீட்டுக்கு மேலே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தோம். பிரேக் பெடலை அவர் பாதத்துக்குத் தக்கபடி இறக்கினோம். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவையே விலைக்கு வாங்கியவர் மாதிரி கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் அதே வண்டி வந்தது. இந்தமுறை ஓட்டிவந்தது ஒரு பெண். சின்ன உருவம். வண்டியை நிறுத்த, கவுண்டருக்கு எதிரே இருக்கும் சிமெண்ட் திட்டைத் தேடிப்பிடித்து அதில் காலை ஊன்றினாள்.

"எங்க வண்டிய எவன் இப்படி ஒட்டகமாக்குனான்?" என்று கேட்டாள்.

அவள் பெயர் பேச்சி. சண்முகவேலின் மனைவி. வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் பைக்கை ஓட்டிப் பழகியவள். இந்த வண்டியும் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது, ஆர்.சி. புத்தகம் அவள் பெயரில். காலையில் புருஷன் பழம் ஏற்றி இறக்கிவிட்டு வந்தால், அதன் பிறகு வண்டி அவளுக்கு. மாடு என்றைக்குச் சினைக்குக் கத்தும் என்று யாருக்குத் தெரியும்? போன் வந்தால் உடனே கிளம்ப வேண்டும். நேரம் தவறினால் அடுத்த பருவம்வரை அந்த வீட்டுக்காரர்கள் பால் இல்லாமல் இவளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவளை வண்டியில் உட்காரவைத்துப் பார்த்தேன். இரண்டு கால் விரல்களும் காற்றில் தொங்கின. எல்லாவற்றையும் பழையபடி இறக்கிக் கொடுத்தோம். போகும்போது என் பக்கம் குனிந்து, "யக்கா, அவுக வந்து கேட்டா, கம்பெனி அளவே இதுதான்னு சொல்லிருங்க" என்றாள்.

சரி என்றேன். சில நாளில் சண்முகவேல் வந்தார். ஏற்றினோம். அவரும் குனிந்தார். அவர் குனிய அதிக தூரம் இருந்தது. "யக்கா, அவ கேட்டா, போல்ட்டு தானா எளகி மேல வந்துட்டுன்னு சொல்லிருங்க."

போல்ட் இளகினால் ஹேண்டில் கீழேதான் வரும், மேலே போகாது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. கணவன் மனைவி நடுவில் பௌதிகம் எதற்கு?

இப்படியே அந்தச் சீசன் முழுக்க நடந்தது. அவர் ஏற்றுவார், இவள் இறக்குவாள். எங்கள் பையன்கள் டீக்குப் பந்தயம் கட்டினார்கள், இந்த வாரம் ஏற்றமா இறக்கமா என்று. தலைமை மெக்கானிக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெயரைச் சொன்னால் கோபப்படுவார், அதனால் விட்டுவிடுகிறேன். எல்லோருக்கும் அண்ணாச்சி. வாயைத் திறந்தால் கிரீஸைவிடக் கறுப்பாக வரும். அவர் ஒருநாள் அந்த வண்டியின் முன் உட்கார்ந்தபடி சொன்னார்: "ஆட்சியே அஞ்சு வருஷத்துக்கு ஒருக்காதான் மாறுது. இந்த ஹேண்டிலு வாரத்துக்கு ஒருக்கா மாறுது. ரெண்டு பேருக்கும் ரெண்டு வீடு பாத்துக் குடுத்தா எனக்கு வேல மிச்சம்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை. அருவியில் நல்ல தண்ணீர். ஊரே வெளியூர்க்காரர்களால் நிறைந்திருந்தது. பட்டறையில் எல்லா இடத்திலும் வண்டி. மதுரையிலிருந்து வந்த பயல்கள் நாலைந்து பேர் நனைந்த சட்டையோடு கவுண்டரில் சாய்ந்து, எப்போது முடியும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பேச்சி வந்தாள். வண்டியை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தாள். முழங்கையில் தோல் உரிந்து, ரத்தம் காய்ந்திருந்தது. இடது பக்க ஃபுட்ரெஸ்ட் வளைந்து, கியர் லீவர் எஞ்சினோடு ஒட்டிக் கிடந்தது. தோளில் அவளுடைய நைட்ரஜன் கேன், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதை அவள் கவுண்டரின் மேல் மெதுவாக வைத்தாள்.

மேனேஜர் ஓடிவந்தார். "ஏம்மா, பால் கேனையெல்லாம் இங்க வைக்காத" என்று அதை நகர்த்தப் போனார்.

"பால் இல்ல சார். காளையோடது."

மேனேஜர் கையை எடுத்துவிட்டார். மதுரைப் பயல்களும் கவுண்டரிலிருந்து சற்று விலகினார்கள். எனக்கு இடம் கிடைத்தது.

நடந்தது இதுதான். ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். முந்தின நாள்தான் சண்முகவேல் சீட்டை ஏற்றியிருந்தார். அவசரத்தில் அதை மறந்து, கால் தரைக்கு எட்டும் என்று ஊன்றினாள், எட்டவில்லை. நின்ற இடத்திலேயே வண்டி அவள்மேல் சாய்ந்தது. சீட்டின் பின்பாதியில் கட்டியிருந்த கேன் அவிழ்ந்து போய்க் கல்லில் மோதியது. நல்லவேளையாக மூடி கழன்றுகொள்ளவில்லை. கழன்றிருந்தால் அதற்குள் உறையவைத்திருக்கும் அவ்வளவு விந்துக் குச்சிகளும் வீண், அவளுடைய பேரும் வீண். அந்த வலியோடு அந்த மாட்டுக்கு ஊசியைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் வண்டியோடு அவளையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி எங்கள் தெருமுக்கில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, இப்பவே இறக்குங்க. இறக்கிட்டு வெல்டு வச்சிருங்க. இனிமே ஒருத்தனும் அதத் தொடக் கூடாது" என்றாள்.

அண்ணாச்சி அவள் காலைப் பார்த்தார். அன்றைக்கு அவர் வாயில் கெட்ட வார்த்தை வரவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "ஹேண்டிலுக்கு வெல்டு வைக்க மாட்டேன் தாயி. சூடு பட்ட கம்பி எங்கனயாவது இறக்கத்துல ஒடியும். ஒடிஞ்ச ஹேண்டில கையில புடிச்சுக்கிட்டு நேரா எமன்கிட்டதான் போவணும். அவன் இதுக்கு சர்வீஸ் பண்ண மாட்டான்."

பேச்சி யார் மூலமோ சொல்லியனுப்பியிருந்தாள் போல. சற்று நேரத்தில் சண்முகவேல் மினி பஸ்ஸில் வந்து இறங்கினார். மனைவியின் காலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏட்டி, கண்ணு தெரியாமயா வண்டி ஓட்டுத?"

"கண்ணு தெரிஞ்சது. காலுதான் எட்டல. ஒட்டகத்துல ஏத்தி வுட்டுட்டு என்னையக் கேக்கியளா?"

"நீ இறக்கி இறக்கி வைக்க. எனக்கு முதுகு முறிஞ்சு போச்சு. தூரமா ஓட்டுதது நானா நீயா?"

"ஆர்.சி. யாரு பேர்ல இருக்கு?"

இதைத்தான் மேனேஜர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். என் காதருகே வந்து, "ஆர்.சி. அந்தம்மா பேர்லதானே? அவங்க சொல்றபடி இறக்கிக் குடுத்து அனுப்பிருங்க. இடத்தக் காலி பண்ணணும்" என்றார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. மதுரைப் பயல் ஒருவன் போனை உயர்த்தினான். அண்ணாச்சி அவனைப் பார்த்த பார்வையில் இறக்கிவிட்டான்.

மேனேஜர் சொன்னது முறைப்படி சரி. செய்திருந்தால் கால் மணி நேரத்தில் வண்டி வெளியே போயிருக்கும். நானும் நிம்மதியாக அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் எனக்குள் ஏதோ இடித்தது. இவ்வளவு தடவை ஏற்றி இறக்கியும் நான் எதைப் பார்க்காமல் விட்டேன்? சண்முகவேலும் சரி, பேச்சியும் சரி, என்னிடம் வந்தபோதெல்லாம் வெறும் வண்டியில்தான் வந்தார்கள். நான் பார்த்ததெல்லாம் வெறும் வண்டியில் உட்கார்ந்த ஆட்களைத்தான். அவர்கள் ஒருநாளும் வெறும் வண்டி ஓட்டுகிறவர்கள் இல்லை.

"சார், இந்த வண்டி இப்போதைக்கு வெளிய போகாது" என்றேன் மேனேஜரிடம். "மத்ததப் பாருங்க, இத நான் பாத்துக்கிடுதேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். கேன் இன்னும் கவுண்டரில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் பேச்சியின் கேனை அவள் கட்டுகிற மாதிரியே கட்டச் சொல்லி அவளை உட்காரவைத்தோம். அண்ணாச்சி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். சீட்டின் பின்பாதி முழுக்கக் கேன் உயரமாக உட்கார்ந்து அவளை டேங்கின்மேல் தள்ளியது. வண்டி கொஞ்சம் சாய்ந்தாலும் மேலிருக்கும் கனம் முழுக்க அந்தப் பக்கமே இழுத்தது. சீட்டை இறக்கினாலும் இவள் என்றைக்காவது விழத்தான் போகிறாள் என்று தெரிந்தது.

பிறகு சண்முகவேல். அவர் கூடை கடையில் இருந்தது. எங்கள் பட்டறையிலிருந்த இரண்டு கூடைகளில் பழைய பிரேக் ஷூக்களையும் தேய்ந்த பல்சக்கரங்களையும் நிரப்பி, "எங்கன வைப்பீங்களோ அங்கன வைங்க" என்றேன். பின்னால் ஒன்று கட்டினார். இன்னொன்றை எடுத்து டேங்கின் மேல் வைத்து, இரண்டு முட்டிக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். ஹேண்டிலைத் திருப்பச் சொன்னேன். பாதிகூடத் திரும்பவில்லை. கூடையில் இடித்து நின்றது.

பேச்சி உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இப்படியா தெனமும் ஓட்டிட்டு வாரிய?"

அவர் ஹேண்டிலை மறுபடி நேராக்கினார்.

"இறக்கத்துல எப்படித் திருப்புவிய?"

கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன வாரம் ஐந்தருவி ரோட்டுல ஒரு வேன் வந்துச்சு. நீ இறக்கி வச்சிருந்தேல்லா, கொஞ்சங்கூடத் திருப்ப முடியல. அந்த வேன்காரன் புண்ணியவான், அவனா ஒதுங்கிட்டான். கூடை மட்டும் உருண்டு போச்சு. கொரங்குகளுக்கு நல்ல சாப்பாடு."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ வண்டிய எடுக்க விடுவியா?"

அவள் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஆர்.சி. பற்றி அவள் பேசவில்லை. நாங்கள் சீசன் முழுக்கச் சிரித்த விஷயம், ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேரையும் கொல்லப் பார்த்திருக்கிறது.

அண்ணாச்சி வண்டியைச் சுற்றி நடந்தார். சுமை இரண்டும் உட்காருகிற இடத்தைவிட்டு வெளியே போக வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் தாழ்வாகக் கம்பிச் சட்டம், ஒன்றில் கேன் உட்காரும், காலையில் பக்கத்துக்கு ஒன்றாகக் கூடை இரண்டும் உட்காரும். டேங்கின் மேல் இனிமேல் ஒரு வெற்றிலைகூட வைக்கக் கூடாது. அது சரியான யோசனை. ஆனால் சீட்டின் உயரம்? அது ஒன்றுதானே இருக்க முடியும். நடுவில் வைக்கலாமா என்று கேட்டார். நடுவில் வைத்தால் இரண்டு பேருக்கும் நியாயம்.

மக்களே, இந்த நடு என்பது இருக்கிறதே, பஞ்சாயத்துக்கு நல்லது, வண்டிக்கு ஆகாது. நடுவில் வைத்தால் அவருக்கு முதுகு வலி பாதி குறையும். அவளுக்குக் கால் பாதி எட்டும். பாதி எட்டுகிற காலும் எட்டாத காலும் ஒன்றுதான். விழுவது விழுவதுதான்.

"சீட்டு அவளுக்குத்தான்" என்றேன். "ரெண்டு காலும் முழுசா ஊனணும்."

சண்முகவேல் என்னைப் பார்த்தார். "அப்ப என் முதுகு?"

"வலிக்கும் தம்பி. பொய் சொல்ல மாட்டேன். ஒங்களுக்கு வலிக்குது, அவ விழுதா. வலிக்குதவரு திட்டிக்கிட்டே வீடு வந்து சேந்துருவாரு. விழுதவளுக்கு அந்த உத்தரவாதம் இல்ல. முதல்ல அவளத் தரையில நிறுத்துவோம். மிச்சத்துல ஒங்களுக்கு என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் அண்ணாச்சி செய்வாரு."

அவர் பேச்சியின் காலைப் பார்த்தார். கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது. "சரி" என்றார். பிறகு அவளிடம் போய், "வா, டாக்டர்ட்ட காட்டிட்டு வருவோம்" என்றார்.

"மாட்டு டாக்டர்ட்டயா?" என்றாள். "எனக்கு அவரத்தான் தெரியும்."

அவர்கள் ஆட்டோவில் போனார்கள். அண்ணாச்சி அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. சீட்டைச் சீவி இறக்கினார். ஹேண்டிலை உயர்த்தாமல், பிடி மட்டும் சண்முகவேல் குனியாமல் பிடிக்கத் தோதாகப் பின்னால் வரும்படி திருப்பினார். ஓட்டுகிறவர் முட்டி மடங்காமல் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொள்ள, எஞ்சினுக்கு முன்னால் ஒரு கம்பி வைத்தார். பிரேக் பெடலைப் பேச்சியின் பாதத்துக்கு வைத்து இறுக்கினார். இந்த வேலைகளை நீங்கள் மெக்கானிக்குகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்ல வருவது அதற்கு முந்தின விஷயம். என்ன சுமையோடு, எந்த ரோட்டில், யார் யார் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்ட பிறகு எல்லோரையும் சந்தோஷப்படுத்த முடியாது என்று தெரிந்தால், யாரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்து அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். மேனேஜர் முறைப்பார். முறைக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

சண்முகவேல் அதன்பிறகு வரும்போதெல்லாம் முனகினார். முட்டி, இடுப்பு, கழுத்து என்று ஒவ்வொரு உறுப்பாகப் பேரெடுத்துச் சொல்வார். ஆனால் ஏற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

மழை முடிந்து, அருவிக்கரையில் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் பேச்சி மட்டும் வந்தாள். கால் சரியாகியிருந்தது. கேனைச் சட்டத்தில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள். வண்டியைவிட்டு இறங்காமல் அண்ணாச்சியைக் கூப்பிட்டாள்.

"சீட்டக் கொஞ்சம் ஏத்துங்க அண்ணாச்சி."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நான் இப்ப நல்லாப் பழகிட்டேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன். மெல்லிய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துச் சீட்டின் அடியில் சொருகினார். இன்னும் என்றாள். இன்னொன்று சொருகினார். அவள் இரண்டு காலையும் ஊன்றி, கேனின் கனத்தோடு வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். குதிகால் தரையைவிட்டு எழும்பியது, பாதத்தின் முன்பாதி உறுதியாக நின்றது. இன்னும் ஒன்று வைக்கவா என்று அண்ணாச்சி கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "வேண்டாம், இவ்வளவுதான் எனக்குத் தாங்கும்" என்றாள். கிளட்சைப் பிடித்தாள், கிளம்பிப் போனாள்.

அடுத்த சர்வீஸுக்கு சண்முகவேல் வந்தார். முனகலைக் கேட்கத் தயாராகப் பேனாவை எடுத்தேன்.

"முதுகு எப்படித் தம்பி இருக்கு?"

"இப்ப நோவு ரொம்பக் கொறஞ்சிட்டு யக்கா" என்றார். பெருமையாக நிமிர்ந்து நின்றார். "எல்லாம் உடம்பப் பழக்குததுலதான் இருக்கு. நான் பழக்கிட்டேன்."

ஆயில் மாற்ற வேண்டும் என்று மட்டும் எழுதி, வண்டியை உள்ளே அனுப்பினேன்.